பன்னிரண்டாவது புட்டி

முதலில் காதுதான் கண்டுபிடித்தது.
நேற்றுவரை இந்த ஜிக்ஜாக் கத்தரி
முட்டைக்கோஸ் நறுக்குவதுபோல்
மொறுமொறுவென்று போகும்.
இன்று மென்றது.
மென்று, துப்பி, நின்றது.

நீலப் பருத்தி. மிலென்காவுக்கு மேல்சட்டை.
வெட்டிய ஓரத்தில் பல்வரிசை சரியாகத்தான் இருக்கிறது,
ஒன்பதாவது பல்லைத் தவிர.
அந்த இடத்தில் ஒரே ஓர் இழை,
வாசல்வரை வந்தும் கிளம்ப மனமில்லாத
விருந்தாளிபோல் தொங்கிக்கொண்டு.

இந்த ஊரில் பிசிறு விளையாட்டில்லை.
புந்தா அரேனாஸின் காற்று
கொடியில் காயும் துணியை
ஒரே பிற்பகலில் பிரித்துப் படித்துவிடும்.
நேராக வெட்டிய ஓரம் கிடைத்தால்
இழை இழையாக உருவி
நீரிணைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோகும்.
மேலும் கீழுமாக வெட்டியதை மட்டும்
எங்கே தொடங்குவதென்று தெரியாமல்
விட்டுவிட்டுப் போகும்.

"இதை யாராவது எடுத்தீர்களா?"

லதிஸ்லாவோ படகுத்துறைச் சீருடையோடு
மாத்தே தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.
"நானா? தொடவே இல்லை."
கேட்காததற்கும் பதில் வந்தது:
"காகிதமெல்லாம் வெட்டவில்லை."

நான் பழைய பல்துலக்கியை எடுத்தேன்.
பல்லுக்குப் பல் துலக்கினேன்.
பஞ்சு வந்தது, நீலத் தூசு வந்தது,
பிறகு மாவைப்போல் வெள்ளையாய்
எந்தத் துணியிலிருந்தும் வராத ஒன்று வந்தது.
திருகாணி இருக்கும் இடுப்பில்
தையல் இயந்திர எண்ணெய் ஒரே சொட்டு.
திறந்து மூடி, திறந்து மூடி,
வழிந்ததைத் துடைத்து
மெழுகுத் தாளில் நாலு வெட்டு;
மிச்ச எண்ணெய் போகட்டும் என்று
கிழிந்த தலையணை உறையில் ஆறு.

உப்புத்தாளை வெட்டினால் கூராகும் என்று
பக்கத்து வீட்டு ஓதிலியா சொல்வாள்.
பள்ளத்தில் மேடு வந்து உட்காரும்படி
யாரோ எங்கோ அளந்து தேய்த்த சமாச்சாரம் இது,
உப்புத்தாளுக்கு என்ன தெரியும்?

முன்னைக்குத் தேவலை.
ஒன்பதாவது மட்டும் பிடிவாதம்.
முடிந்த வெட்டின் கடைசி மூன்று பல்லில்
அடுத்த வெட்டின் முதல் மூன்றைப் பொருத்தி,
நுனிவரை மூடாமல்
அடிமேல் அடிவைத்துக் கைப்பகுதியை முடித்தேன்.

ஞாயிறு, ரொட்டிக்கு ஜாம் எடுக்கப் போனேன்.
பலகையில் பன்னிரண்டு புட்டி ருபார்ப்,
அவன் விடுப்பில் காய்ச்சியது.
ஒவ்வொன்றிலும் வெள்ளைச் சீட்டு,
அவனுடைய கோணல் எழுத்தில் தேதி,
சுற்றிலும் அழகான
ஜிக்ஜாக் ஓரம்.

முதல் புட்டியில் ஓரம் ஊசிக்கூர்.
ஐந்தாவதில் லேசான தயக்கம்.
ஏழாவதில், ஒன்பதாம் பல் விழும் இடத்தில்
ஒரு காகித நார்.
பன்னிரண்டாவதில் வெட்டே இல்லை, கிழிசல்.
கட்டைவிரலால் தேய்த்துச்
சமாதானப்படுத்தியிருக்கிறான்.

சண்டைக்கு வாக்கியங்கள் தயாராக இருந்தன.
எல்லாம் நேராக வெட்டியவை.
ஒன்றை இழுத்தால்
பதினைந்து வருடமும் உருவிக்கொண்டு வரும்.

பன்னிரண்டாவது புட்டியை மேசையில் வைத்தேன்,
சீட்டு அவன் பக்கம் பார்க்க.
வெண்ணெயை நகர்த்தினேன்.
மிலென்கா வகுப்பில் யாருக்கோ
பல் விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.
அவன் கரண்டியை நீட்டினான்,
பார்த்தான்,
புட்டியை மெதுவாக அரைவட்டம் திருப்பினான்.
நான் திருப்பி வைத்தேன்.

"நன்றாக இருக்கிறது" என்றேன்.
"எது?"
"ஜாம்தான்."

திங்கள் காலை அவன் படகேறிய பிறகு பார்த்தேன்.
ஆணியில் இரண்டு கத்தரி.
என்னுடையது ஃப்ளானல் பைக்குள்.
பக்கத்தில் சிவப்புக் கைப்பிடியோடு
விலைச்சீட்டு கிழிக்காத பள்ளிக் கத்தரி.
அதில் நூலால் கட்டிய சீட்டில் ஒரே வார்த்தை:
காகிதத்துக்கு.

சீட்டின் ஓரம் நேராக இல்லை.
நேராக வெட்ட முயன்றிருக்கிறான்
என்பது தெரிந்தது.