பெயர்ப் பலகை

மிச்சம் ஹை ரோட்டில் கடை திறந்த அன்று
பலகையில் இரண்டு பெயர்:
பரன் அன் நேசன், மீன், மரக்கறி.
நேசன் நான்தான்.
"ஒற்றைப் பெயர் எண்டால் கடன் தரமாட்டாங்கள் மச்சான்,
சும்மா கிடக்கட்டும்."
சும்மாதான் கிடந்தது.
மழையில் நனைந்தது, இரவில் எரிந்தது.

நான் பஸ் ஓட்டுகிறவன்.
முதல் போட்டதில்லை, லாபத்தில் ஒரு பென்னி தொட்டதில்லை.
பாரை மீன் எடுத்தாலும் காசு கொடுத்துத்தான்.
ஆனாலும் அந்த வழியால் போகையில்
பஸ்ஸின் வேகம் தானாகக் குறையும்.

ஃப்ரீசர் விற்க வந்த டெரெக்
கையைக் குலுக்கி,
"நீங்கள்தான் மற்றப் பங்காளியா?" என்றான்.
நான் சிரித்தேன்.
அவ்வளவுதான் செய்தது.

பரன் இப்போது எங்கே என்று
அவன் மனைவிக்கே தெரியாது.
பதினோராயிரத்து நானூறு பவுண்ஸ்.
சொலிசிட்டர் சொன்னா:
பங்கு இருந்ததா என்பதல்லக் கேள்வி,
இருக்கென்று நம்பவிட்டீர்களா?

குரொய்டனில் நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.
"இல்லை என்று அவரிடம் சொன்னீர்களா?"
மொழிபெயர்ப்பாளர் தமிழில் இன்னொரு தரம் கேட்டார்.
எனக்கு முதல் தரமே விளங்கியிருந்தது.

நேற்றுக் கடைசி பஸ்.
ஆட்கள் இல்லை.
பதிவுக் குரல் அடுத்த தரிப்பைச் சொன்னது:
மிச்சம்.
பூட்டிய கடையின் மேல்
பரன் பக்கத்துப் பல்புகள் போய்விட்டன.
என் பெயர் மட்டும் எரிகிறது.
கரண்ட் பில்
ஆர் பெயரில் வருகுதோ.