பதினோரு கிலோ

படிவத்தில் இரண்டு கட்டங்கள்:
வாகனம். வானூர்தி.
ஒன்றில் மட்டும் குறியிடவும்.
பேனா மூடியைக் கடித்தபடி
ஓரெஸ்ட் பாவ்லிஷினின் கொட்டகையில் நிற்கிறேன்.
சஸ்காட்சுவானில் ஏப்ரல்.
பனி உருகிய சேறு என் முழங்கால்வரை ஏறியிருக்கிறது.

காப்பீட்டுக் கம்பெனியில் பதினாறு வருடம்.
ஆலங்கட்டி தின்ற கடுகுவயல், மான் மோதிய பிக்கப்,
மின்னல் விழுந்து செத்த ஏழு மாடுகள்,
எல்லாவற்றுக்கும் விலை போட்டிருக்கிறேன்.
இறக்கையை மடக்கிக்கொண்டு நிற்கும் காருக்கு
இன்றுதான் முதல்முறை.

நடந்தது இவ்வளவுதான்:
கூட்டுறவுக் கடை வாசலில்
காற்று உருட்டிவிட்ட தள்ளுவண்டி ஒன்று
வந்து மெல்ல இடித்தது.
கன்னக்குழி அளவுக்கு ஒரு நசுங்கல்.
காராக இருந்தால் ஓரெஸ்ட்
உள்ளிருந்து கட்டைவிரலால் தள்ளி நிமிர்த்தியிருப்பார்.
இது இறக்கையின் விளிம்பு.
ரெஜைனாவிலிருந்து பொறியாளர் வந்து
தட்டிப் பார்த்து, கையெழுத்துப் போடும்வரை
தரையைவிட்டு ஒரு சாண் எழும்பக் கூடாது.

கார்ப் பாலிசி சொல்கிறது: இது விமானம், எங்கள் பாடு இல்லை.
விமானப் பாலிசி கேட்கிறது:
முட்டை வாங்கப் போன இடத்தில் விமானத்துக்கு என்ன வேலை?
இரண்டு வீட்டிலும் சாப்பிட்டிருப்பான் என்று
இரண்டு வீட்டிலும் இலை போடாத விருந்தாளி மாதிரி
நடுவில் நிற்கிறது, வெள்ளையாய், நூற்றறுபது ஏக்கர் விலையில்.

"மழை வந்தால் இறங்கி, சாலையிலேயே ஓட்டி
வீட்டுக்கு வந்துவிடலாம். அதற்குத்தானே வாங்கினேன்"
என்கிறார் ஓரெஸ்ட்.
"வந்தீர்களா?"
"சரளைக் கல் தெறித்தால் கண்ணாடி போச்சு."
கண்ணாடியின் விலையைச் சொல்லும்போது
குரலைத் தாழ்த்துகிறார்,
பக்கத்து அறையில் யாரோ தூங்குவதுபோல.

வெர்னாதான் பிக்கப்பில் கீழே போகிறாள்.
அவர் மேலே, அவள் கீழே, இரண்டு கோடைகளாக.
காற்று கிளம்பினால் அவர் எந்த ஓடுதளத்தில் இறங்குவார் என்று
அவருக்கு முன்பே அவளுக்குத் தெரியும்.
போய், ஃபிளாஸ்க்கைத் திறந்து காத்திருப்பாள்.

"நீங்கள் ஏறவில்லையா?"
அவள் கையேட்டை எடுத்துவந்து காட்டினாள்.
பென்சிலில் ஒரு கூட்டல் கணக்கு.
அவர், அவள், நிரம்பிய டாங்க்:
பதினோரு கிலோ அதிகம்.
டாங்க் நிரம்பாமல் ஏறுவதில்லை என்பது
ஓரெஸ்டின் பிடிவாதம்.
"யார் குறைப்பது என்று பேசினோம்" என்றாள்.
அதற்குமேல் பேசவில்லை.
எனக்குக் காபி ஊற்றி, கேக் ஒரு துண்டு வைத்தாள்.
தனக்கும் ஒன்று.

இரண்டு கட்டங்களுக்கு நடுவே இருந்த கோட்டின்மேல்
குறி போட்டு அனுப்பினேன்.
தலைமை அலுவலகம் திருப்பி அனுப்பியது.
மறுபடி அதே கோட்டின்மேல் போட்டேன்.
மூன்றாவது முறை, சலித்துப்போய்,
பாதித் தொகை கொடுத்தார்கள்.

ஜூன் மாதக் கடைசியில் வெர்னா தொலைபேசியில் சொன்னாள்:
தானியக் கிடங்கின் எடைமேடையில்,
கோதுமை லாரி நிற்கும் இடத்தில்,
வண்டியோடு இருவரும் ஏறி நின்றார்களாம்.
ஓரெஸ்ட் தானாகவே குழாய் வைத்து
டாங்கில் பாதியை இறக்கினாராம், பல்லுக்குப் பல் வலி வந்த முகத்தோடு.
அந்த மேடை பத்துப் பத்தாகத்தான் எண்ணும்.
வழக்கமான ஆள் எட்டிப் பார்த்து
"போதும், இறங்கு" என்றானாம்.

"எப்படி இருந்தது?"
"சத்தம். வயிற்றைப் புரட்டியது.
இருபது நிமிடம் முழுக்க அவர்
எரிபொருள் முள்ளைத்தான் பார்த்தார்,
என்னைப் பார்க்கவில்லை."

கொஞ்சநேரம் தொலைபேசியில் காற்று மட்டும்.

"நம் வீட்டுக் கூரையில் தகடு பெயர்ந்திருக்கிறது என்று
போன வருடமே சொன்னார்.
மேலே இருந்து எதையாவது சொல்வார் என்று விட்டுவிட்டேன்.
பெயர்ந்துதான் இருக்கிறது.
அதற்கு என்ன படிவம்?"