அந்நியப் பொருள்

எட்டாம் கூடத்தில் கம்பளம் விரிக்க
முசாஃபாவிலிருந்து பதினாலு பேர் வந்தோம்.
அபுதாபியில் பிப்ரவரி,
பஸ்ஸில் ஏசி போடவில்லை, தேவைப்படவுமில்லை.

கம்பெனிக்குப் பறவைகள் மேல் ஆசை போல.
ஏவுகணை ஒவ்வொன்றுக்கும் ஒரு பறவைப் பெயர்.
நைட் ஹெரான் என்றால் என்னவென்று
ஷிஜு போனில் படம் எடுத்துக் காட்டினான்.
அட, வக்கா!
அறந்தாங்கிப் பக்கம் இருட்டிய பிறகு
கண்மாய்க்கு மேலே ஒற்றைக் குரல் விட்டுப் போகும்.
கெளுத்தியையும் தவளையையும் தவிர
அது கொன்றதாகக் கேள்விப்பட்டதில்லை.

நானும் தவராசாவும் அதைத் தூக்கிப் பீடத்தில் வைத்தோம்.
நாலு மீட்டர் நீளம், இரண்டே ஆள்.
கண்ணாடியிழைக் கூடு, மேலே சாம்பல் பெயின்ட்,
தட்டினால் காலிக் குடம்.
"கீறல் விழுந்தா உன் சம்பளம்" என்றான் ஷிஜு.

வாசலில் உலோகம் சோதிக்கும் வளையம்.
பக்கத்துப் பெரிய கதவு வழியே
கவச வண்டி டிரெய்லரில் படுத்தபடி வந்தது,
பீரங்கிக் குழாய்கள் மரப்பெட்டியில் வந்தன,
எதுவும் சத்தம் போடவில்லை.
தவராசா நடந்தபோது வளையம் அலறியது.

பெல்ட்டைக் கழற்றினான்.
சேஃப்டி ஷூவைக் கழற்றினான்.
சாவி, சில்லறை, கழுத்தில் கிடந்த வெள்ளிச் சிலுவை.
மறுபடியும் அலறியது.
நேபாளக் காவலர் கருவியால் தடவிக்கொண்டே இறங்க
வலது தொடையருகே நின்று அது கத்தியது.
"என்ன?"
"பழசு."

கடிதம் கேட்டார்கள்.
கிளினிக்கில் ஐம்பது திர்ஹம்.
டாக்டர் எழுதினார்:
அந்நியப் பொருள், வலது தொடை, எலும்பை ஒட்டி,
அகற்றுவது உசிதமல்ல.
அதை லேமினேட் செய்து
அடையாள அட்டையோடு கோத்து மாட்டிக்கொண்டான்.
ஐந்து நாளும் அலறியது. ஐந்து நாளும் காட்டினான்.

சந்தை தொடங்கியது.
பேரீச்சம்பழம், ஊதுப் புகை, கண்ணாடிக் கிண்ணத்தில் மிட்டாய்.
விற்பனைக்காரர் நல்ல மனுஷன்,
எங்களுக்கும் தண்ணீர் பாட்டில் தருவார்,
மகள் பியானோ வாசிக்கும் வீடியோ காட்டினார்.
வருகிறவர்களிடம் அவர் அழுத்திச் சொன்ன ஒரே வரியை
ஷிஜு எங்களுக்கு மலையாளத்தில் பெயர்த்தான்:
போர்க்களத்தில் நிரூபிக்கப்பட்டது.

வாங்கிய நாடுகளின் வரைபடம் ஒன்று உண்டு.
நாட்டுக்கொரு குட்டி பல்பு, மொத்தம் நாற்பத்தொன்று,
வயர் இழுத்தது நான்தான்.
இரவு கூடம் காலியானதும்
தவராசா அதன் முன்னால் வந்து நின்றான்.
இந்தியாவுக்குக் கீழே கடலில் கண்ணை ஓட்டினான்.
அங்கே பல்பு இல்லை.
"இவங்கள் குடுக்கேல்லப் போல" என்றான்,
ஏதோ கடனை அடைத்துவிட்டவன் மாதிரி.
பிறகு அடுத்த கடைக்குப் போய்
அவர்களுடைய வரைபடத்தையும் பார்த்தான்.
அதற்கடுத்ததையும்.

"எது எண்டு எப்பிடித் தெரியும் அண்ணே?" என்றேன்.
தொடையை ஒரு தட்டுத் தட்டினான்.
"பேர் தெரியாது தம்பி. இறகு மட்டும்தான் கிடக்கு."

ஐந்தாம் நாள் மாலை கம்பளத்தைச் சுருட்டினோம்.
வக்காவுக்குக் குமிழித்தாள் சுற்றி, பெட்டியில் பஞ்சு வைத்து,
அடுத்த ஊரின் ஸ்டிக்கர் ஒட்டினோம்.
பின்வாசலில் லாரிகள் வரிசை.
அந்தப் பக்கம் வளையம் கிடையாது,
வெளியே போவதை யாரும் சோதிப்பதில்லை.
தவராசா லேமினேட் அட்டையைக் கையில் பிடித்தபடியே வந்தான்,
கேட்க ஆள் இல்லை.

பஸ் ஏழரைக்கு என்றார்கள்.
ஒன்பதாகிவிட்டது.