முன் இருக்கையில் ஒருவர்

விடிகாலை நாலேகால். ஹிக்கின்சன் நெடுஞ்சாலையில்
நாங்கள் இருவர், ஒரு காலி ஸ்ட்ரெச்சர்,
கண்ணாடியில் ஆடி மாதப் பனி.
டர்பனில் ஆடி என்றால் குளிர்காலம்.
மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சுகிறவர்கள்
ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு காய்ச்சுகிறார்கள்.

ரேடியோ கேட்டது: காலியா?
நொமுசா பதில் சொல்லாமல் ஓட்டினாள்.

அவள் பெயருக்கும் என் பெயருக்கும் ஒரே பொருள்.
நொமுசா, தயாளன்.
ஒரே வண்டியில் இரண்டு இரக்கம் என்று டிப்போவில் சிரிப்பார்கள்.
எட்டு வருஷம். அவள் டீக்கு மூன்று சர்க்கரை,
என் முழங்கால் வலி, அவள் பையனின் கணக்குப் பாடம்
எல்லாம் இந்த இருக்கைகளுக்குத் தெரியும்.
இது மட்டும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

மே மாதம், ஏழாம் யூனிட்டில் ஒரு வீடு.
பையனுக்குப் பதினாறு. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது
செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை.
நேரம் எழுத வேண்டும். எழுதினேன்.
அவன் அம்மா எங்களுக்கு டீ போட்டாள்.
சர்க்கரை எத்தனை என்று கேட்டாள்.
ஒன்று, என்றேன்.
அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன் இன்னும்,
பல் தேய்க்கும்போது, சிக்னலில் நிற்கும்போது,
ஒன்று, ஒன்று.

தூக்கம் போனது. பிறகு பசி.
பிறகொரு நாள், யாரும் கேட்காமலே
இன்சூரன்ஸ் காகிதங்களை ஒரே கவரில் போட்டேன்.
நாய்க்கு யார் சோறு வைப்பார்கள் என்று யோசித்தேன்.
பயமாக இல்லை. அதுதான் பயம்.
அடுத்தவர் வாசலில் இதையெல்லாம்
'அறிகுறிகள்' என்ற கட்டத்தில் குறித்தவன் நான்.
என் வீட்டில் இதற்குப் பெயர் வேலை அலுப்பு.

நேற்று வண்டியின் தரையை மூன்றாம் தடவை கழுவினேன்.
அதில் ஒரு கறையும் இல்லை.
நொமுசா வந்து குழாயை மூடினாள்.
என் டார்ச்சை அவளிடம் நீட்டினேன்:
நீயே வைத்துக்கொள், எனக்கு வேண்டாம்.
வாங்கிக்கொண்டாள். ரொம்ப நேரம் அதைப் பார்த்தாள்.

இப்போது மருத்துவமனை வாசல். அழைப்பு ஏதுமில்லை.
ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள்.
ரேடியோ மறுபடி: காலியா? எங்கே இருக்கிறீர்கள்?

காலி இல்லை. நோயாளி ஒருவர்.

எங்கே ஏற்றினீர்கள்?

முன் இருக்கையில் இருக்கிறார்.

கட்டுப்பாட்டு அறை கொஞ்ச நேரம் கரகரத்தது.
பிறகு யாரோ, விதிப்புத்தகத்தில் இல்லாத குரலில்:
சரி. மெதுவாக இறக்குங்கள்.

பூத்தி, என்றாள். அண்ணா என்பதற்கு அவள் மொழி.
சாக நினைக்கிறாயா?

சுற்றி வளைக்கவில்லை. ரத்த வகை கேட்பதுபோல் கேட்டாள்.
பாலத்தின் மேல், பூட்டிய கதவுகளுக்கு வெளியே
நான் எத்தனையோ பேரிடம் கேட்ட கேள்வி.
அந்தக் கேள்வியின் இந்தப் பக்கம் நின்றால்
காற்று வரும் என்று
யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஆமா.
தமிழில்தான் வந்தது. அவளுக்குப் புரிந்தது.

சிஸ்டர் மூட்லிக்கு என்னைத் தெரியும்.
இதே மேஜையில் எத்தனை பேருக்கு நிறம் சொல்லியிருக்கிறேன்.
காயமில்லை, நடந்து வந்த ஆள்: பச்சை,
என்று நானே ஆரம்பித்தேன்.
அவள் ஆரஞ்சு அட்டையை எடுத்தாள்.
பத்து நிமிஷத்துக்குள் டாக்டர் பார்க்கணும்.
யாரை?
உன்னைத்தான். உட்கார். ஷூவைத் தளர்த்திக்கொள்.

பிளாஸ்டிக் நாற்காலியில் சீருடையோடு நான்.
எதிரே கையில் துண்டு சுற்றிய ஒருவன்
யாரைக் கூட்டிவந்தாய் என்றான்.
என்னை, என்றேன்.
அவன் சற்று நகர்ந்து
ஹீட்டர் பக்கம் இடம் விட்டான்.

பத்து நிமிஷம் இருபதாயிற்று.
நொமுசா டீ கொண்டுவந்தாள், எதுவும் கேட்காமல்
மூன்று சர்க்கரை போட்டு. குடிக்க முடியாத தித்திப்பு.
பாதி குடித்தேன்.
டார்ச்சைத் தா, என்றேன்.

நாளைக்கு, என்றாள்.