உள்சக்கரம்

இந்த ஊரில் வெயில் வடக்கிலிருந்து அடிக்கும்.
அதனால் எங்கள் மோட்டார்ஹோமின் வடக்குப் பக்கத்து டயர்கள்தான்
முதலில் கீறல் விட்டன.
பெரிய வெடிப்பில்லை.
அடுப்பிலிருந்து இறக்கி மறந்துபோன பாலின் மேல்
ஆடை சுருங்குமே, அப்படி.

அலிஸ்டர் பள்ளத்தில் ஒரு காசை நுழைத்துக் காட்டினான்.
"பார், எட்டு மில்லிமீட்டர். பாதிகூடத் தேயவில்லை."
உண்மைதான். ஓடித் தேயவில்லை.
வருஷத்தில் பத்து மாதம்
ஒரே இடத்தில் நின்றே கெட்டிருக்கிறது.

முப்பத்தோரு வருஷம் கம்பளி தரம் பிரித்தவள் நான்.
ஒரு கற்றையை இழுத்துப் பிடித்துக் காதருகே சுண்டினால் போதும்,
எந்தப் பனியில் ஆடு பட்டினி கிடந்தது
என்று சொல்லிவிடும்; அந்த இடத்தில் அறும்.
ரப்பருக்கு அப்படிப் பேச வராது.
விலாவில் நாலு எண்கள்: 0917.
பதினேழாம் ஆண்டு, ஒன்பதாம் வாரம்.
ஜாதகம் அவ்வளவுதான்.

ஏழு வருஷம் என்றார் பக்கத்து முகாம்காரர்.
பத்து என்றார் அவர் மனைவி.
டென்ஸில் டயர் விற்பவன், அவன் ஐந்து என்றுதான் சொல்வான்.
அவன் எழுதிக் கொடுத்த தொகையில்
அலிஸ்டருக்கு இரண்டு பல் கட்டலாம்.
"இந்த ஒரு கோடை தாங்கும்" என்றான்.
போன கோடையிலும் அதையே சொன்னான்.
போன கோடையிலும் நான் தலையாட்டினேன்.

பிறகு பிரையர் போன் செய்தாள், என் அண்ணன் மகள்.
ஈஸ்டருக்கு வண்டி கிடைக்குமா அத்தை,
ராவிரிக்கு நாலு நாள் லீவு, குழந்தைக்குக் கடல் காட்டணும்.
தாராளமாக, என்றேன்.
போனை வைத்ததும் அந்தத் தாராளம் தொண்டையில் நின்றது.

குழந்தை இருக்கையை எங்கே மாட்டுவார்கள் என்று பார்க்கப் போனேன்.
பின்பக்கம், இடது ஜன்னலோரம்.
அதற்கு நேர் கீழே இரட்டைச் சக்கரம்.
வெளிச்சக்கரத்தின் எண் எனக்கு மனப்பாடம்.
உள்சக்கரத்தின் எண் அச்சுப் பக்கம் திரும்பியிருந்தது.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
மல்லாந்து ஊர்ந்தேன்.
முதுகின் கீழ் காட்டுத் தைம் நசுங்கி மணத்தது.
காய்ந்த சேற்றைக் கட்டைவிரலால் வழித்தேன்.

4309.

எங்களுக்கு விற்றவர் ஐந்தை மாற்றி
ஒன்றை விட்டுவைத்திருக்கிறார்.
யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள் என்று கணக்கு.
சரியான கணக்கு.
எட்டு வருஷம் நாங்கள் குனியவில்லை.
லிண்டிஸ் மேட்டில் பனி,
ஹாஸ்ட் கணவாயில் மூன்று நாள் அடைமழை,
கேட்லின்ஸ் சரளையில் நான் ஓட்ட அவன் குறட்டைவிட்டது,
என் அறுபத்தைந்தாம் பிறந்தநாளுக்குக் கடற்சிங்கம் தேடிப் போனது
எல்லாம் இதை நம்பித்தான்.
நம்பியா?
இருப்பது தெரியாத ஒன்றை யார் நம்ப முடியும்.
கும்பிடுவதா காறித் துப்புவதா என்று தெரியாமல்
கொஞ்ச நேரம் அங்கேயே கிடந்தேன்.

வண்டிக்கு வெளியே அலிஸ்டரின் செருப்புகள் வந்து நின்றன.
"என்ன போட்டிருக்கு?"
சொன்னேன்.
செருப்புகள் நகரவில்லை.
பிறகு நகர்ந்தன.
சமையலறை ஜன்னல் வழியாக அவன் குரல் கேட்டது:
"ஆமாம் டென்ஸில், ஆறும்."
கொஞ்சம் கழித்து,
"இல்லை, ஸ்டெப்னியும் சேர்த்து ஏழு."
பல்லைப் பற்றி அன்று அவன் பேசவில்லை,
ரொட்டியை மட்டும் வலப்பக்கமாகவே மென்றான்.

பழையவை இப்போது மெக்கெலார் பண்ணையில்,
மாட்டுத் தீவனக் குழியை மூடிய கறுப்புத் தார்ப்பாய்
காற்றில் எழும்பாமல் அழுத்திக்கொண்டு கிடக்கின்றன.
எது அந்த ஒன்று என்று தேடினேன்.
எல்லாவற்றின் பள்ளமும் ஆழம்தான்.
எல்லாவற்றிலும் மழைத்தண்ணீர்.

ஞாயிறு இரவு பிரையர் ஒரு படம் அனுப்பினாள்:
கடற்கரை, வண்டி, டயரை இரு கையாலும் பிடித்து
நக்கிக்கொண்டிருக்கும் குழந்தை.
அலிஸ்டர் கண்ணாடியை மாட்டி
இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினான்.
முகத்தைப் பார்க்கிறான் என்று நினைத்தேன்.
விலாவுக்கு நகர்த்தி
எண்ணைத் தேடிக்கொண்டிருந்தான்.