எந்தப் பத்தியில்

பாஷாவின் ஆணை வந்த அன்று
வெயிலில் மை உறைந்திருந்தது.
எச்சில் தொட்டுக் கரைத்தேன்.

ஆடும் பெண்கள் இனி கெய்ரோவில் கூடாது.
மீறினால் சவுக்கு,
பிறகு தெற்கே எஸ்னாவுக்குப் படகு.

என் பேரேட்டில் அவர்கள்
இருநூற்றுச் சொச்சம் பேர்.
பெயர், தெரு, தலைக்கு இத்தனை பியாஸ்தர்.
வரி வாங்கியபோது உறங்கிய ஒழுக்கம்
இன்று எப்படி விழித்தது என்று கேட்க
நான் யார்?
பிஷாரா. கணக்கன்.
கோடு இழுத்தேன், பெயருக்கு ஒன்றாக.
ஹோஸ்னாவின் பெயர்மேல் மட்டும்
கோடு கொஞ்சம் கோணிற்று.
தவணை தவறியதே இல்லை அவள்.

பூலாக் துறையில் படகேறும் முன்
விரலில் மாட்டும் நான்கு பித்தளைத் தாளங்களை
மஹ்ரூஸ் கையில் திணித்தாள்.
அதுவரை அவன்
அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து
பறை தட்டியவன்.

கல்யாணங்கள் ஆணைக்குக் காத்திருக்குமா?
சுன்னத்து வந்தது, பிள்ளைப்பேறு வந்தது,
ஹஜ்ஜிலிருந்து ஒரு எண்ணெய் வியாபாரி வந்தார்.
இடுப்பு அசையாத விருந்தில்
ஆட்டுக்கறியும் சப்பென்றிருந்ததாம்.
அவனைக் கூப்பிட்டார்கள்.

கண்ணுக்கு மை. கைக்கு மருதாணி.
இடுப்புக்கு மேலே ஆணின் சட்டை,
கீழே சுழன்று விரியும் பாவாடை.
தெருவில் முகத்திரை போட்டு நடந்தான்.
வெட்கமா என்றேன்.
தூசி, என்றான். மை கலைந்துவிடும்.

தொப்பி வைத்த பிரெஞ்சுக்காரர் ஒருவர்
முன்வரிசையில் இருந்து பார்த்து
'நாட்டியக்காரி' எனக் குறிப்பேட்டில் எழுதினார்,
அதற்குக் கீழே ஏதோ நாலு வரி, வேகமாக.
துபாஷி காதில் கிசுகிசுத்ததும்
பக்கத்தையே கிழித்தார்.
கண் பார்த்ததை எப்படிக் கிழிப்பது?
அதை அவரிடம் யாரும் கேட்கவில்லை.

வருவாயில் விழுந்த ஓட்டை
மேலிடத்தின் கண்ணில் பட்டது.
ஆடும் ஆண்களிடமும் வாங்கு, என்றார்கள்.
மஹ்ரூஸ் வந்து நின்றான்.
எந்தப் பத்தியில் எழுத?
ஆடினான் என்றால் ஒரு பத்தி.
ஆடினாள் என்றால் ஒரு பத்தி.
ஆட்டத்துக்கு என்று
பத்தி வரையவில்லை எவரும்.
'ஓரத்தில் எழுதுங்கள் ஐயா' என்றான்,
'நான் ஒல்லி, இடம் போதும்.'

ஆண்டுகள் போயின. ஆணை தளர்ந்தது,
எவரும் தளர்த்தாமலே.
ஹோஸ்னா வந்தாள், முன்னிரண்டு பல் இல்லாமல்.
ஒரு முற்றத்துத் தூணில் சாய்ந்து
அவன் ஆடுவதைப் பார்த்திருந்தாள்.
'அந்த இடப்பக்கச் சுழிப்பு
என்னுடையது இல்லையே?'
'இல்லை. ஒரு நாள் படியில் வழுக்கினேன்.
விழாமலிருக்க
இடுப்பு தானாகச் செய்தது அது.'
பல் போன வாயைக் கையால் மூடிச் சிரித்தாள்.
தாளங்களைத் திருப்பிக் கொடுத்தான்.
நான்கில் ஒன்று விரிசல்.

அடுத்த வாரம் ஒரு கல்யாணத்தில்
அவள் அந்த வழுக்கலை ஆடினாள்.
கூட்டம் கிறங்கியது.
என் பக்கத்தில் இருந்த தானிய வணிகர் சொன்னார்:
'பார்த்தீரா, இது பெண்ணுக்கு மட்டுமே வரும்.
பிறவியிலேயே வரவேண்டும்.
ஆண் ஆடினால் அது கோமாளித்தனம்.'
ஆமாம் என்றேன்.
அவர் எனக்குக் கடன் கொடுத்தவர்.

வெளியே எலுமிச்சைத் தோல் எறிந்தார்கள் பையன்கள்,
மருதாணி வெளுக்காத ஒரு கையைப் பார்த்து.

வருடக் கணக்கை முடித்தேன்.
ஓரத்தில் இருந்த பெயரை அடித்தேன்,
கோடு இம்முறை நேராகவே வந்தது.
அது என்னவோ
அன்றிரவு உறக்கம் பிடிக்கவில்லை.
விளக்கை அணைத்து இறங்குகையில்
படியில் எனக்கும் கால் வழுக்கியது.

என் இடுப்பு ஒன்றும் செய்யவில்லை.
விழுந்தேன்.