யார் உதைத்தது

யாரோ உதைத்தார்கள்.
இடது குதிகாலுக்கு நாலு விரற்கடை மேலே,
மரச்செருப்பு போட்ட கால் ஒன்று
ஓங்கி.
சத்தம்கூடக் கேட்டது.
வலைக்கு அந்தப் பக்கம் நின்ற லிஸ்பெத்
மட்டை உடைந்ததா என்றாள்.

விழுந்தபடியே திரும்பிக் கத்தினேன்:
"ஐவின், உனக்குக் கண் இல்லையா?"

ஐவின் நின்றது களத்தின் மறுகோடியில்.
பந்து எப்படியும் எனக்குத்தான் என்று விட்டுவிட்டு
மூக்குக்கண்ணாடியைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தான்.

என் பின்னால் பச்சைத் தரை.
அதில் ஒரு மஞ்சள் கோடு.
வேறு யாரும் இல்லை.

லெம்விக் நகராட்சி விளையாட்டுக் கூடம்,
நவம்பர், வியாழன் இரவு.
நீரிணைக் காற்று கதவை முட்டிக்கொண்டிருந்தது.
உடலைச் சூடேற்றப் பத்து நிமிடம் என்று
சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள்.
அன்று நான் கொடுத்தது ஷூ நாடா கட்டும் நேரம்.
மறுநாள் அடக்கத்துக்கான பாட்டு ஒத்திகை நீண்டுபோயிற்று;
தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிறவள் நான்.
ஐம்பத்தேழு வயதுக் காலைக் குளிரிலிருந்து எடுத்து
நேரே களத்தில் வைத்தேன்.
ஆறுக்கு இரண்டு, நாங்கள் முன்னால்.

மருத்துவர் குப்புறப் படுக்கச் சொன்னார்.
நல்ல காலின் கெண்டைச் சதையைப் பிசைந்தார்.
பாதம் தலையாட்டியது.
மற்றதைப் பிசைந்தார்.
அது யார் வீட்டுப் பிள்ளையோ போலக்
கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

"தசைநாண் அறுந்துவிட்டது.
வருகிறவர்கள் பாதிப்பேர் சொல்வது இதுதான்,
யாரோ உதைத்தார்கள் என்று."

நாண்.
வில்லில் பூட்டுவதும் நாண்,
முகத்தில் ஏறுவதும் நாண்.
ஒன்று அறுந்த கையோடு மற்றது வந்தது.
என்னைத் தூக்கிக் காரில் போட்டு
மழையில் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டி வந்தவனை
அல்லவா ஊர் முன்னால் குருடனாக்கினேன்.

வெளியே அவன் காப்பி இயந்திரத்தோடு
இடது கையால் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.
வலது முழங்கை கதவுக் குமிழுக்கே அழும்.
மட்டையைப் பிடித்தால் மட்டும் வலிப்பதில்லையாம்.
இந்தப் பொய்யைச் சொல்லாதவர் எங்கள் கூடத்தில் இல்லை.
லிஸ்பெத்தின் தோள்
மேல் அலமாரித் தட்டுகளையெல்லாம்
கீழ் அலமாரிக்குக் குடிமாற்றிவிட்டது.
கெல்டு மாடிப்படியைப் பின்பக்கமாக இறங்குகிறான்;
முட்டிக்குள் ஏதோ கிழிந்து நான்கு வருஷம்.
வியாழன் வந்தால் எல்லாரும் ஆஜர்.

கத்தி வேண்டாம் என்று முடிவாயிற்று.
முழங்கால் வரை பிளாஸ்டிக் பூட்ஸ்,
உள்ளே குதிகாலுக்கு அடியில் மூன்று ஆப்பு.
இரண்டு வாரத்துக்கு ஒன்றாக உருவ வேண்டும்.
எனக்குத் தெரிந்த ஒரே கணக்கு அதுவாகிவிட்டது.

திருவருகைக் கால முதல் ஞாயிறு
இரண்டாவது ஆப்பில் வந்தது.
ஆர்கனின் அடிச்சுருதிகள் இடது காலின் சொத்து.
அவை இல்லாமல் வாசித்துப் பார்த்தேன்.
பாட்டு கணுக்கால் நனையாமல் கடலைக் கடந்தது.

"நான் உன் இடது கால்" என்றான் ஐவின்.
துறைமுகத்தில் வெல்டிங் செய்கிறவன்,
இசைக்குறிப்பு அவனுக்குச் சிலந்தி நடந்த தாள்.
மட்டைப்பிடியில் சுற்றும் நாடாவைக் கிழித்து
ஐந்து மிதிகட்டைகளில் ஒட்டினேன்:
நீலம், மஞ்சள், நீலம், சிவப்பு, வெள்ளை.
பெஞ்சுக்கு அடியில் புகுந்து படுத்துக்கொண்டான்.
கையால் அழுத்த வேண்டும்,
பூட்ஸ் ஓரம் தோளில் பட்டால் அடுத்தது.

இரண்டு சரணம் ஒழுங்காகப் போயிற்று.
மூன்றாவதில் அந்த முழங்கை மடங்க மறுத்தது,
சிவப்பு வர வேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை.
கொஞ்சம் பலமாகவே தட்டிவிட்டேன் போலிருக்கிறது.

கீழேயிருந்து தலையை நீட்டிப் பார்த்தான்.
"இந்த முறை
நீதான்" என்றான்,
சபைக்குக் கேட்கும்படி,
வெள்ளைக் கட்டையில் முழு எடையையும் வைத்துக்கொண்டு.
தப்பான சுருதி.
ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன.
முன்வரிசை அதற்கேற்பத் தொண்டையைத் தாழ்த்திக்கொண்டு
பாடியது.